நான்காம் அட்டவணை

ஜூன் 8, ஞாயிறு

மதியின் அறிக்கை கூரியரில் வந்தது. கையெழுத்துப் போட என் பேனா எழுதவில்லை. கூரியர்காரரின் பேனாவை வாங்கிப் போட்டுவிட்டு, "எம் பொண்ணு அனுப்பியிருக்கா" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

ஐந்து பிரதிகள். வழவழப்பான அட்டை. ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'மேல்நிலைக் கல்விக்கு அரசு செலவிடுவது எவ்வளவு: இந்தியாவும் வியட்நாமும்'. அட்டையின் அடியில் ஒரே ஒரு பெயர். தா. நிறைமதி. அந்த 'தா' தாயுமானவன், அதாவது நான்.

என் மனைவி கமலவேணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் புரட்டினாள்.

"உங்க பேரு எங்கயாச்சும் இருக்கா?"

"அட்டையிலயே இருக்கே, முதல் எழுத்தா."

"அது இனிஷியலு. நன்றின்னு தனியா ஒரு பக்கம் போட்டிருக்கா பாருங்க. டெல்லியில டீ வாங்கிக் குடுத்தவன் பேரெல்லாம் இருக்கு."

நான் புள்ளியியல் துறையில் இருந்தவன். துணை இயக்குநராக ஓய்வு பெற்றேன். எத்தனையோ ஆண்டறிக்கைகளைத் தொகுத்திருக்கிறேன். அட்டையில் துறையின் பெயர்தான் இருக்கும். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. இன்று அவள் பெயரை விரலால் தடவிப் பார்த்தேன். எழுத்துகள் சற்றே மேடாக இருந்தன.

ஜூன் 9, திங்கள்

ஒரு பிரதிக்குக் காக்கி அட்டை போட்டேன். பிறகு பெயர் தெரியவில்லையே என்று கழற்றிவிட்டேன்.

துறையூர்க் கிளை நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுத்தேன். நூலகர் யாருடனோ பேசிக்கொண்டிருந்ததால் மேசை ஓரத்தில் வைத்தேன். "நன்கொடையா சார்?" என்றார். ஆமாம் என்றேன். யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பாதி வழி வந்த பிறகு, கேட்காவிட்டாலும் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. திரும்பிப் போவதற்கு வெயில் அதிகம்.

மற்றப் பிரதிகளைக் கமலவேணி பார்த்துக்கொள்கிறாள். காய்கறிக்காரர், மாடிவீட்டு வங்கி ஊழியர், கோயில் குருக்கள் என்று யார் வந்தாலும் ஒரு முறை கையில் கொடுத்து வாங்குகிறாள். ஆங்கிலம் தெரியாதவர்கள்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள்.

ஜூன் 11, புதன்

மின்கணக்கு எடுக்க வந்தார்கள். மாடிக்கும் கீழுக்கும் ஒரே மீட்டர் என்பதால் வழக்கமான பேச்சு. மாடியில் குளிர்சாதனம் ஓடுகிறது, கீழே மோட்டார் ஓடுகிறது. எந்த அளவில் பிரிப்பது என்று மாடிக்காரரும் கமலவேணியும் கேட் அருகே அரை மணி நேரம் நின்றார்கள். நான் உள்ளே இருந்தேன்.

அறிக்கையைத் தினம் பத்துப் பக்கம் என்று படிக்கிறேன். பென்சிலும் அடிக்கோலும் பக்கத்தில் இருக்கின்றன. பழக்கம்தான், பிழை பார்ப்பதற்காக அல்ல. மதி பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள், அவள் வீட்டுக்கணக்கை நான் சிவப்பு மையால் திருத்தியதைப் பார்த்துவிட்டு, "இனிமே என் கணக்கைத் தொடாதீங்கப்பா" என்றாள். சரி என்றேன். அன்றிலிருந்து தொட்டதில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மதி பேசினாள். அறிக்கை நன்றாகப் போகிறதாம். இரண்டு மாநிலங்களில் அதிகாரிகள் மேற்கோள் காட்டியிருக்கிறார்களாம். செப்டம்பரில் அந்த டெல்லி ஆய்வு நிறுவனத்தோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. இதற்குப் பிறகு நிறுவனத்தில் நிரந்தரமாக்கிவிடுவார்கள் என்று நினைக்கிறாள்.

"படிச்சீங்களாப்பா?"

"மூணாம் அத்தியாயம் முடிச்சிட்டேன்."

"எப்படி இருக்கு?"

"அச்சு நல்லா இருக்கும்மா."

இன்னும் நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். பொங்கலுக்கு வருகிறாளா என்று கேட்க நினைத்தேன். ஜூனில் பொங்கலைப் பற்றிக் கேட்பது அசட்டுத்தனமாக இருக்கும். கடந்த இரண்டு பொங்கலுக்கும் வேலை இருந்தது.

ஜூன் 19, வியாழன்

பெரியண்ணன் சின்ன வெங்காயம் கொண்டுவந்தார். மலையடிவாரத்தில் மேலக்குறிச்சிக்காரர். பல வருடமாக எங்களுக்கு அவர் தோட்டத்து வெங்காயம்தான். அந்த ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவரே. எடை போட்டுக் கொட்டிய பிறகும் போகாமல் வாசலில் நின்றார்.

"அய்யா, அன்னைக்கி அம்மா ஒரு பொஸ்தகம் காட்டுனாங்களே, பாப்பா எழுதுனது. அது பேரு இதுங்களா?"

கைப்பேசியில் ஒரு சுற்றறிக்கை. அதில் நிறுவனத்தின் பெயரும் அறிக்கையின் தலைப்பும் இருந்தன. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அடுத்த பத்தியைப் படிக்கும் வரை. வியட்நாம் ஒரு மேல்நிலை மாணவருக்குச் செய்வதைப் போல நாம் மூன்று மடங்கு செலவு செய்கிறோம். எனவே பிள்ளைகள் குறைவாக உள்ள பள்ளிகளின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளை அருகிலுள்ள பெரிய பள்ளியோடு இணைக்கப் பரிசீலிக்கலாம். பட்டியலில் மேலக்குறிச்சி இருந்தது. ஜூலை 4 அன்று பள்ளியிலேயே கருத்துக் கேட்புக் கூட்டம்.

"இணைக்கிறதுன்னா துறையூருங்க. காலையில ஒரு பஸ்ஸு, அதுவும் நின்னா உண்டு. பசங்க எதையாச்சும் புடிச்சுத் தொங்கிக்கிட்டுப் போயிருவானுவ. பொண்ணுங்கள எவன் அனுப்புவான்? எம் பெரியவ பத்தாவதுல நல்ல மார்க்கு. அப்ப எங்கூர்ல பதினொண்ணு இல்ல. நிறுத்திட்டேன். இப்ப ரெண்டு புள்ளைக்குத் தாயி. அதுக்கப்புறந்தான் நடையா நடந்து பதினொண்ணு பன்னண்டு வாங்கினோம். சின்னவ கோபிகா இந்த மாசந்தான் சேந்திருக்கா."

கமலவேணி உள்ளேயிருந்து வந்துவிட்டாள். "எம் பொண்ணு எதுக்கு ஒங்க பள்ளிக்கூடத்த மூடப் போறா?"

"நான் அப்படிச் சொல்லலீங்கம்மா. ஊர்ல சொல்றாங்க. நீ வெங்காயம் போடுற வீட்டுப் பொண்ணுதான்யா ஒம் பொண்ணு படிப்புல மண்ண அள்ளிப் போட்டுச்சுன்னு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "எங்க பள்ளிக்கூடத்துல மொத்தமே பதினேழு வாத்தியாருங்க. இதுல என்னத்த மூணு மடங்கு? அய்யா கணக்குல பெரிய ஆளு. ஒருக்கா பாருங்களேன்."

பார்க்கிறேன் என்றேன். நான் மதிக்குக் கொடுத்த வாக்கு அவருக்கு எப்படித் தெரியும்?

ஜூன் 20, வெள்ளி

வெங்காயத்தைக் காய வைத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

எழுதி வைத்துவிடுகிறேன். எழுதினால் எங்கே தவறு செய்கிறேன் என்று தெரியக்கூடும்.

நான்காம் அட்டவணையில் நம் மாநிலத்தில் ஒரு மேல்நிலை மாணவருக்கு ஆகும் செலவு இருக்கிறது. அதைச் சுற்றறிக்கைப் பட்டியலில் இருந்த மேலக்குறிச்சியின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் பெருக்கினேன். அந்தத் தொகைக்கு அந்த இரண்டு வகுப்புகளுக்கு மட்டும் இருபத்தாறு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். பள்ளி முழுவதற்குமே பதினேழு பேர்தான் என்கிறார் பெரியண்ணன்.

அடிக்குறிப்பைப் பார்த்தேன். மாநில வரவு செலவுத் திட்டத்தில் 'அரசு மேல்நிலைப் பள்ளிகள்' என்ற தலைப்பில் உள்ள தொகை முழுவதையும் மதி எடுத்திருக்கிறாள். அதைப் பதினொன்று, பன்னிரண்டில் படிப்பவர்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுத்திருக்கிறாள். நம்மூர் மேல்நிலைப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆறாம் வகுப்புக் கணக்கு வாத்தியாரின் சம்பளமும் அதே தலைப்பில்தான் போகிறது. வியட்நாமில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம். அங்கே அந்தத் தொகை அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது. ஆகவே ஒரு பக்கம் பள்ளி முழுவதன் செலவு, மறுபக்கம் மேல் வகுப்புகளின் செலவு.

மொத்தத் தொகையை மொத்தப் பிள்ளைகளுக்கு வகுத்தால் மூன்று மடங்கு முக்கால் மடங்காகிவிடுகிறது. நாம் அவர்களைவிடக் குறைவாகச் செலவிடுகிறோம் என்று ஆகிறது.

கூடத்துச் சுவரில் மதியின் படம் மாட்டியிருக்கிறது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்று எடுத்தது. பெரிய சீருடை, இரட்டைப் பின்னல். தலைக்கு மேலே பலகையில் 'அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி' என்று இருக்கிறது. நாள்தோறும் அதற்குக் கீழே உட்கார்ந்துதான் காபி குடிக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

நான்தான் தவறு. டெல்லியில் அத்தனை பேர் பார்த்திருப்பார்கள். எழுபத்து மூன்று வயதில் ஒரு கால்குலேட்டரை வைத்துக்கொண்டு நான் கண்டதை அவர்கள் காணாமலா இருப்பார்கள்?

மீண்டும் போட்டேன். அதே விடை.

ஜூன் 24, செவ்வாய்

வங்கிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மேலக்குறிச்சிக்குப் பேருந்தில் போனேன். அங்கே வங்கி கிடையாது.

தலைமையாசிரியர் ஜெசிந்தா அம்மையார் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பதினேழு சரிதான், அதில் முதுகலை ஆசிரியர்கள் ஆறு. பதினொன்றாம் வகுப்பின் ஆய்வகத்தில் பாதி இடத்தில் சத்துணவு அரிசி மூட்டைகள். மீதி இடத்தில் பிள்ளைகள் நூலில் குண்டைக் கட்டி ஆட்டி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியண்ணனின் மகளை யாரும் காட்டாமலேயே கண்டுகொண்டேன். அதே அகலமான நெற்றி. குண்டு ஆடி முடிவதற்குள் பக்கத்துப் பெண்ணின் எண்ணிக்கையைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"உங்க மகள்தானே சார் அந்த அறிக்கை?" என்றார் ஜெசிந்தா.

தலையாட்டினேன்.

"நான் அவங்களக் குத்தம் சொல்ல மாட்டேன். டெல்லியிலேருந்து பாத்தா நாங்க ஒரு வரி. அந்த வரிக்குள்ள யாரு உக்காந்திருக்கான்னு எப்படித் தெரியும்?"

"அந்தக் கணக்குல ஒரு..." என்று தொடங்கினேன்.

"ஒரு என்ன சார்?"

ஒரு டம்ளர் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டேன். கொடுத்தார். குளிர்ந்த நல்ல தண்ணீர்.

ஜூன் 26, வியாழன்

கமலவேணிக்குத் தெரிந்துவிட்டது. நான் விட்டெறிந்த தாள்களைப் பொறுக்கி அடுக்கி வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் ஒரே கணக்கு.

"தப்பு இருக்கா, இல்லையா?"

"இருக்கிற மாதிரி இருக்கு."

"முப்பத்திச் சொச்சம் வருஷம் இப்படியே பேசுனீங்க. கலெக்டர் கேட்டாலும் இருக்கிற மாதிரி இருக்கு, நான் கேட்டாலும் இருக்கிற மாதிரி இருக்கு. எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

சொன்னேன். பாதியிலேயே புரிந்துகொண்டாள்.

"மாடிக்கும் கீழுக்கும் ஒரே மீட்டரு. மொத்த பில்லயும் மாடிவீட்டுக்காரர் தலையில கட்டிட்டு, பாரு எம்புட்டுக் கரண்டு எரிக்கிறான்னு சொல்லியிருக்கா. அதானே?"

இதைவிடச் சரியாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

"அவகிட்ட சொல்லுங்க."

"செப்டம்பர்ல அவ வேலை..."

"தெரியும். அந்த வெங்காயக்காரர் பொண்ணுக்கு ஜூலையில."

ஜூன் 27, வெள்ளி

மதிக்குப் போன் செய்தேன். டெல்லியில் மழை தொடங்கவில்லையாம். இங்கே மாம்பழம் கிலோ என்ன விலை என்று சொன்னேன். வைத்துவிட்டேன்.

ஜூன் 28, சனி

கமலவேணியே எண்ணைப் போட்டு, மணி அடிக்கும்போதே என் காதில் வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டாள். போனவள் அங்கே ஒரு பாத்திரத்தைக்கூட உருட்டவில்லை.

"மதி, நாலாம் அட்டவணை."

"என்னப்பா?"

"நீ தொடாதேன்னு சொன்னே. நான் தொட்டுட்டேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எந்த வரிசையில் சொன்னேன் என்று நினைவில்லை. மீட்டரைச் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. மேலக்குறிச்சியைச் சொன்னபோது, "எந்த ஊரு?" என்று இரண்டு முறை கேட்டாள். சுற்றறிக்கையைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பின்னால் ஒரு ஆட்டோவின் ஹாரன் கேட்டது.

"வச்சிடறேன்பா" என்றாள்.

ஜூன் 29, ஞாயிறு

அழைப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் பேசாமல் இருந்ததில்லை.

ஜூன் 30, திங்கள்

இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தேன். கேட்டுக்கு வெளியே மதி ஒரு பையோடு நின்றிருந்தாள். இளைத்திருக்கிறாள். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருக்கிறாள்; நன்றாகத்தான் இருக்கிறது.

"மாவு இருக்காம்மா? ரெண்டு தோசை ஊத்து. சென்னையிலேருந்து ஒண்ணுமே சாப்பிடல." என்னைப் பார்த்து, "உங்க பேப்பரெல்லாம் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். தோசையைப் பிய்த்துக்கொண்டே ஒவ்வொரு தாளாகப் படித்தாள்.

"எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"இருபத்திரண்டாம் தேதி."

"சொன்னது சனிக்கிழமை."

"நான்தான் தப்போன்னு..."

"அப்பா, அன்னைக்கு நான் பன்னண்டாவது படிச்சிட்டிருந்தேன். அந்த வயசுல ஒரு பொண்ணு கோவத்துல சொன்னத இத்தனை வருஷமா காப்பாத்துவீங்களா?"

ஆமாம் என்றேன். கமலவேணி தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள்.

அரை மணி நேரம் மதி தலையைத் தூக்கவில்லை. பிறகு என் தாள் ஒன்றை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இங்க பாருங்க. எல்லாப் புள்ளைக்கும் ஒரே செலவுன்னு வச்சு வகுத்துட்டீங்க. ஆறாவது பையனுக்கும் பன்னண்டாவது பொண்ணுக்கும் ஒண்ணாவா ஆகும்? மேல் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவங்க முதுகலை ஆசிரியர். சம்பளம் கூட. வகுப்புல புள்ளைங்க கம்மி. ஆய்வகம் வேற."

"மாடியில ஏசி ஓடுது" என்றாள் கமலவேணி.

"அதேதாம்மா. ஏசி ஓடுற மாடிக்கும் கீழுக்கும் தலைக்கு இவ்வளவுன்னு சமமாப் பிரிச்சிட்டார் அப்பா. மூணு தப்பு. ஆனா முக்காலும் தப்பு."

எனக்கு முகம் சூடாகியது. ஆறு முதுகலை ஆசிரியர்கள் என்று ஜெசிந்தா அம்மையார் சொன்னதை நானே குறித்து வைத்திருக்கிறேன். வேண்டிய விடை வந்ததும் பென்சிலைக் கீழே வைத்திருக்கிறேன். பிறகு, ஏனோ தெரியவில்லை, நன்றாகப் பசித்தது. பல நாட்களுக்குப் பிறகு மூன்று தோசை சாப்பிட்டேன்.

மாலை வரை இருவரும் போட்டோம். ஆசிரியர் சம்பளத்தைத் தனித்தனியாகப் பிரித்து, மாநிலம் முழுவதற்கும் பார்த்தாள். அவள் சொல்ல நான் எழுதினேன். நான் எழுதியதை அவள் சரிபார்த்தாள். விடை ஒன்றே கால். வியட்நாமைவிடக் கால் பங்கு அதிகம், அவ்வளவுதான். மூன்று மடங்கை வைத்து எழுதிய பரிந்துரை ஒன்றே காலில் நிற்காது.

ஜூலை 2, புதன்

மதி கொடிக்கயிற்றின் கீழ் நின்று அவள் நிறுவனத் தலைவரோடு ஆங்கிலத்தில் பேசினாள். நான் ஒட்டுக் கேட்கவில்லை. துணி எடுக்கப் போயிருந்தேன். அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாம் என்று அவர் சொல்கிறார் என்பது புரிந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு அவள் போக வேண்டியதில்லை என்கிறார் என்பதும் புரிந்தது.

"அடுத்த பதிப்பு வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணுங்க வீட்ல உக்காந்திருக்கும் சார்" என்றாள் மதி. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தமிழில் சொன்னாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னாள்.

துணி சரியாகக் காய்ந்திருக்கவில்லை. எடுத்ததையே மறுபடி போட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

மேலக்குறிச்சிப் பள்ளி. கூட்டம் வேப்பமரத்தடியில் பந்தல் போட்டு நடந்தது. மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், மாணவிகள் தாழ்வாரத்தில். கமலவேணி பெண்கள் பக்கம் முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டாள். நான் கடைசி வரிசையில் தூண் ஓரமாக உட்கார்ந்தேன்.

பெரியண்ணன் பேருந்தைப் பற்றியும் தன் மூத்த மகளைப் பற்றியும் பேசினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "உங்க கஷ்டம் புரியுது. ஆனா செலவுக் கணக்குன்னு ஒண்ணு இருக்கில்ல? ஆய்வு பண்ணி அறிக்கை குடுத்திருக்காங்க" என்று கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினார். அதே வழவழப்பான அட்டை.

மதி எழுந்து போய் மைக்கை வாங்கினாள்.

"என் பேரு நிறைமதி. அந்த அட்டையில இருக்கிற பேரு என்னோடதுதான்."

பந்தல் அடங்கியது. பிறகு ஒரு குரல், "டெல்லியில உக்காந்துக்கிட்டு எழுதுனா இப்படித்தான் இருக்கும்" என்றது.

"ஆமாங்க" என்றாள் மதி. "அங்க உக்காந்துதான் எழுதினேன். நாலாம் அட்டவணையில தப்புப் பண்ணிட்டேன். யாரும் சொல்லிப் பண்ணல. நானே பண்ணேன்."

மீட்டர் கதையைச் சொன்னாள். மாடிவீட்டுக்காரர் தலையில் மொத்த பில் என்றதும் பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. கமலவேணி இருபுறமும் திரும்பிப் பார்த்து, "எங்க வீடுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "நானும் துறையூர்ல இதே மாதிரி ஒரு மேல்நிலைப் பள்ளியிலதான் ஆறாவது சேந்தேன். அத மறந்துட்டு வகுத்துட்டேன். சரியான விடை ஒண்ணே கால்" என்றாள் மதி. அவர்களைவிடக் கொஞ்சம் அதிகம்தான் என்பதையும் மறைக்கவில்லை. குறைவு என்று சொல்லியிருந்தால் கைதட்டல் இன்னும் பலமாக இருந்திருக்கும். முக்கால் என்று சொல்லும் ஆசை எனக்கே இருந்தது.

அப்போது முன்வரிசையில் ஒருவர், "அப்பனும் மவளும் வெங்காயத்துக்காகப் பேசுறாங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏதோ சொல்ல வேண்டும் என்றுதான் எழுந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மதியும் பார்த்தாள். உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவள் பேசி முடிக்கும் வரை நான் உட்காரவில்லை. முழங்கால் வலித்தது.

அதிகாரி, "இத எழுத்துல குடுப்பீங்களாம்மா?" என்றார்.

"கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருக்கேன் சார்."

வாங்கிப் படித்தார். நெடுநேரம் படித்தார். "எழுதினவங்களே கணக்குத் தப்புங்கிறப்ப நான் இத வச்சு எதையும் செய்ய முடியாது" என்றார். திருத்திய கணக்கு முறைப்படி வரட்டும் என்று மேலக்குறிச்சிக் கோப்பைத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார். இந்த ஆண்டுச் சேர்க்கை அப்படியே இருக்கும். அடுத்த ஆண்டைப் பற்றித் தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். நேர்மையான மனிதர்.

தாழ்வாரத்தில் மாணவிகள் கூச்சலிட்டார்கள். ஜெசிந்தா அம்மையார் திரும்பிப் பார்த்ததும் அடங்கி, அவர் திரும்பியதும் மறுபடி தொடங்கினார்கள்.

பெரியண்ணன் மதியிடம் வந்து, "பாப்பா, தப்புன்னு சொல்றதுக்கு டெல்லியிலேருந்து வந்தியா?" என்றார்.

"தப்புப் பண்ணதும் நான்தானேண்ணே."

"எங்க வீட்ல ஒருத்தனும் பக்கத்துத் தெருவுலேருந்துகூட வர மாட்டான்." ஒரு மூட்டை வெங்காயத்தை எங்கள் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். காசு வாங்க மறுத்தார். கமலவேணி சண்டை போட்டுப் பாதியை இறக்கினாள்.

ஜூலை 6, ஞாயிறு

மதி புறப்பட்டாள். திருச்சி விமான நிலையம் வரை போனேன். செப்டம்பருக்குப் பிறகு என்ன என்று கேட்டேன்.

"தெரியலப்பா. நிறுவனத்துல கோவமாத்தான் இருக்காங்க. திருத்தம் போடணும்னு கண்டிப்பாச் சொல்லிட்டேன். போடுவாங்க. என்னை வச்சுப்பாங்களான்னு தெரியாது."

பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் என்றாள். நான் எப்போதும் அப்படித்தான் இருக்கிறேன் என்று சொன்னேன். சிரித்தாள். உள்ளே போகுமுன் திரும்பி, "பொங்கலுக்கு வரேன்" என்றாள். நான் கேட்கவே இல்லை.

ஜூலை 10, வியாழன்

மின்கட்டணத்தில் மாடிக்காரரோடு உடன்பாடு. தனி மீட்டருக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று.

ஜூலை 19, சனி

திருத்தம் வந்தது. ஒரே தாள், நான்கைந்து பிரதிகள். மேலே நிறுவனத்தின் பெயர், கீழே தா. நிறைமதி. நடுவில் புதிய நான்காம் அட்டவணை. கடைசியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு. தமிழில் சொன்னால்: 'இப்பிழையைச் சுட்டிக்காட்டியவர் ஓய்வுபெற்ற புள்ளியியல் துணை இயக்குநர் வ. தாயுமானவன். அவர் அளித்த திருத்தத்திலும் ஒரு பிழை இருந்தது. அதுவும் இங்கே சரிசெய்யப்பட்டுள்ளது.'

கமலவேணி படித்துக் காட்டச் சொன்னாள். மூன்று முறை படித்தேன்.

"உங்க பேரு வந்திருச்சு" என்றாள். "தப்போட வந்திருக்கு."

"ரெண்டு பேர் தப்பும் வந்திருக்கு."

மாலையில் பசையும் அடிக்கோலும் எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். அறிக்கை பொருளாதாரப் பிரிவில் இருந்தது. யாரோ ஒருவர் எடுத்துப் போய்த் திருப்பியிருக்கிறார். உள்ளே ஒரு முத்திரை. நூலகர் வந்து பார்த்தார்.

"தப்பான பக்கத்தக் கிழிச்சுட்டு இத ஒட்டிடலாமே சார்?"

"வேண்டாங்க. அது இருக்கட்டும். இது பக்கத்துல இருக்கட்டும்."

ஓரம் பிசகாமல் ஒட்டினேன். பசை காயும் வரை கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்திருந்தேன். அவர் எட்டிப் பார்த்து அட்டையிலிருந்த பெயரைப் படித்தார்.

"தா. நிறைமதி. இது யாருங்க சார்?"

"எம் பொண்ணு" என்றேன்.

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நாளிதழ் மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.